சமையலறை அலமாரி: கதவைப் பார்த்து விலை பேசாதீர்கள்



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்து, 15, 20 வருடங்கள் வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்து, முடிவில் வங்கிக் கடனோடு சொந்தமாக ஒரு சிறு வீட்டை அடைந்தவர்கள் உங்களில் அநேகர் உண்டு. அப்படி வாங்கிய வீட்டில் முதலாவது எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலான இல்லத்தரசிகள் சமையலறையையே சொல்லுவார்கள். திறந்து கிடக்கும் தட்டுகளும், எண்ணெய்ப் பிசுக்கேறிய டப்பாக்களும், இரவில் விளக்கைப் போட்டவுடன் ஓடி ஒளியும் கரப்பான் பூச்சிகளும் யாரையும் சலிப்படையச் செய்யும். ‘மாடுலர் கிச்சன்’ என்று கடைக்காரர் காட்டும் வண்ணப் படங்களோ கண்ணைப் பறிக்கும். அந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தொடருகிறேன். 2017-ஆம் ஆண்டு, மும்பையின் புறநகரிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தோம். நான் இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு கணவருடைய போனஸையும் சேர்த்து 1,40,000 ரூபாய் கொடுத்தோம். கருஞ்சிவப்பு நிறத்தில் கண்ணாடிபோல மின்னிய கதவுகள். வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அடுத்த மழைக்காலத்தில் சிங்குக்குக் கீழிருந்த பெட்டியின் அடிப்பலகை இட்லியைப்போல உப்பியது. அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தேன். கீலும், திருகாணியும், அவை பிடித்திருந்த பலகைத் துண்டும் ஒன்றாகக் கையோடு வந்துவிட்டன. உடைந்த இடத்தைப் பார்த்தால் மரமே இல்லை, ஈரமான மரத்தூள். கடைக்குப் போய்க் கேட்டபோது ரசீதைக் காட்டச் சொன்னார்கள். ‘வாட்டர்புரூஃப் போர்டு’ என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. “எழுதிய போர்டைத்தானே கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். பதில் பேச எங்களுக்கு வழியில்லை.

அந்த நஷ்டத்திற்குப் பிறகு தச்சர்களிடமும் பிளைவுட் கடைகளிலும் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நாங்கள் கதவுக்கு விலை கொடுத்தோம். ஆனால் ஆயுள் இருப்பது கதவில் அல்ல, கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில்.

பெட்டி எதனால் ஆனது?

கடைக்காரர் ‘போர்டு’ என்ற ஒரே வார்த்தையால் நாலைந்து விதமான பொருள்களைக் குறிப்பிடுவார். அவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல. அறுத்த விளிம்பைப் பார்த்தாலே போதும். மெல்லிய மரத்தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நீளமும் குறுக்குமாக அடுக்கப்பட்டிருந்தால் அது பிளைவுட். கடலை மிட்டாயைப்போலச் சிறு சிறு துணுக்குகளாகத் தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டு. மரச் சில்லுகளையோ கரும்புச் சக்கையையோ பசையோடு அழுத்திச் செய்வது. துணுக்கும் அடுக்கும் இல்லாமல், அழுத்திய மாவைப்போல ஒரே சீராக இருந்தால் அது எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகை.

பார்ட்டிகிள் போர்டு கெட்ட பொருள் என்று சொல்லமாட்டேன். புத்தக அலமாரிக்கும் படிக்கும் மேசைக்கும் அது போதும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. நம்முடைய சமையல் எப்படிப்பட்டது? காலையில் இட்லிப் பானையின் ஆவி, மதியம் சாதம் வடிக்கும் கஞ்சி, இராத்திரி மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுதல். போதாக்குறைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் மழை. அந்த நான்கு மாதங்களில் உப்புக்கூட ஜாடியில் கரைகிறது. இப்படிப்பட்ட சமையலறையின் கீழ்ப்பெட்டிக்குப் பார்ட்டிகிள் போர்டு ஏற்றதல்ல. எம்.டி.எஃப்.பும் அப்படியே. எச்.டி.எச்.எம்.ஆர். என்று சொல்லப்படும் அடர்த்தியான ஈரந்தாங்கிப் பலகை இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அது சாதாரண எம்.டி.எஃப்.பைவிட எவ்வளவோ மேல். கதவுகளுக்கும் மேல்வரிசைப் பெட்டிகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் அதுவும் தண்ணீரில் ஊறிக் கிடக்கத்தக்கதல்ல.

‘விளிம்பை எப்படிப் பார்ப்பது? கடையில் எல்லாவற்றையும் ஒட்டி மூடிவைத்திருக்கிறார்களே’ என்று கேட்பீர்கள். காட்சிக்கு வைத்திருக்கும் அலமாரியில் ஒரு கீலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கீல் உட்காருவதற்காக 35 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாகக் குழி தோண்டியிருப்பார்கள். அந்தக் குழிக்குள் கதவின் உள்ளிருப்பு தெளிவாகத் தெரியும். பெட்டிக்கு வேண்டுமானால், குழாய் போவதற்குப் பின்பலகையில் அறுத்த துவாரத்தைப் பாருங்கள். கீலைக் கழற்ற மறுக்கிற கடையில் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிளைவுட் என்று முடிவுசெய்தபின் அதிலும் தரங்கள் உண்டு. எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்ற மூன்று பெயர்களைக் கடைகளில் கேட்பீர்கள். எம்.ஆர். என்பது காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்குவது. படுக்கையறை, வரவேற்பறைக்கு உரியது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட மேலானது, சிங்கை விட்டு விலகியுள்ள பெட்டிகளுக்கும் மேல்வரிசைக்கும் போதுமானது. பி.டபிள்யூ.பி. என்பது ஐ.எஸ். 710 என்ற தரநிர்ணயத்தின்படி செய்யப்படும் மரைன் பிளைவுட். அதன் பசையைச் சோதிக்க, துண்டுகளை 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் இடுவார்கள். அதன்பின்னும் தகடுகள் பிரியக்கூடாது. கடைக்காரர்கள் சுருக்கமாக “710” என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் பலகையின்மேல் 710 என்று அச்சிடுவதற்கு ஒரு ரப்பர் முத்திரை போதும். ஆகையால் எண்ணை மாத்திரம் நம்பாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே தரநிர்ணய எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், யாருக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது என்று தெரியும். கடையில் நின்றபடியே உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இன்னும் சந்தேகமா? வீட்டில் ஒரு சோதனை உண்டு. வாங்கப்போகும் பலகையில் உள்ளங்கை அளவு துண்டைக் கேட்டு வாங்கி, சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து 4 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இது 72 மணி நேரச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் மோசமான பலகை இதிலேயே வெளிப்பட்டுவிடும். ஒரு முறை எனக்கு ஒரு துண்டு ஒரு மணி நேரத்திலேயே பழைய புத்தகம்போலப் பக்கம் பக்கமாக விரிந்துவிட்டது. அதன்மேலும் ‘மரைன்’ என்று அச்சிட்டிருந்தது.

பலகையின் கனத்தையும் கவனியுங்கள். பெட்டிக்கும் கதவுக்கும் 18 மில்லிமீட்டர் வேண்டும். 16 போதும் என்று சிலர் சொல்வார்கள்; 25 கிலோ அரிசியையும் கிரைண்டரையும் வைக்கிற வீட்டிற்கு அது போதாது. விரலை மடக்கிப் பலகையெங்கும் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பொத்தென்ற ஓசை வந்தால் உள்ளே தகடுகளுக்கிடையே வெற்றிடம் உண்டு. அங்கே திருகாணி பிடிக்காது. நாடெங்கும் விற்கப்படும் பிளைவுட்டில் பெரும்பகுதி ஹரியாணாவின் யமுனாநகரிலிருந்தும் கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்தும் வருகிறது. யமுனாநகரில் பாப்லர், யூகலிப்டஸ் மரங்களும், பெரும்பாவூரில் ரப்பர் மரமும் அதிகம். ‘முழுவதும் பர்மா கர்ஜன் மரம்’ என்று யாராவது சொன்னால் சற்று யோசியுங்கள்; மியான்மர் 2014-இலேயே வெட்டுமரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது.

சிங்குக்குக் கீழே

சமையலறை அலமாரிகளில் முதலாவது அழிவது சிங்குக்குக் கீழுள்ள பெட்டிதான். குழாய் இணைப்பில் சொட்டும் ஒரு துளி, சிங்கின் ஓரத்தில் கசியும் ஈரம், ஈரத்தோடு உள்ளே வைக்கும் பாத்திரம் தேய்க்கும் நார் என்று எல்லாம் அங்கேயே சேருகின்றன. என்னைக் கேட்டால், அந்த ஓரிடத்தில் மரப்பெட்டியே வேண்டாம். டபிள்யூ.பி.சி. என்னும் பிளாஸ்டிக் கலந்த பலகையையோ அலுமினியச் சட்டத்தையோ அங்கே பயன்படுத்துங்கள். டபிள்யூ.பி.சி. தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது. அப்படியானால் வீடு முழுவதும் அதையே போடலாமே என்பீர்கள். அதற்குத் திருகாணிப் பிடிப்பு நல்ல பிளைவுட்டைவிடக் குறைவு. அடுப்பின் சூடும் அதற்கு ஆகாது. ஆகையால் அதனதன் இடத்தில் வைப்பதே நல்லது.

எந்தப் பலகையானாலும் தண்ணீர் நுழையும் வாசல் அதன் விளிம்புதான். நான்கு விளிம்புகளிலும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலும் பின்பக்கத்திலுங்கூட, பட்டி ஒட்டி அடைத்திருக்க வேண்டும். கையால் தேய்த்து ஒட்டும் பட்டி சில மாதங்களில் வாயைப் பிளக்கும்; இயந்திரத்தில் சூட்டோடு ஒட்டுவது நிற்கும். குழாய்க்காக அறுக்கும் துவாரங்களின் ஓரங்களைச் சிலிக்கான் பசையால் பூசச் சொல்லுங்கள். எங்கள் முதல் அலமாரி செத்தது அந்தத் துவாரத்தின் வழியாகத்தான்.

நாம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். ஆகையால் கீழ்ப்பெட்டிகள் தரையில் உட்காரக் கூடாது. 4 அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் கால்களின்மேல் நிற்க வேண்டும். முன்னால் மறைக்கும் பட்டையைக் கையால் கழற்றிப் பூட்டும்படி வைத்தால், மாதம் ஒரு முறை அடியிலும் பெருக்கலாம். பின்பலகையை விட்டுவிட்டு, ‘சுவர்தான் இருக்கிறதே’ என்று பணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் பொசியும் சுவர் நேராக உங்கள் பருப்பு டப்பாவோடு பேசும்.

ஒரு வார்த்தை: கசியும் குழாயையும் ஈரச் சுவரையும் சரிசெய்யாமல் அலமாரியில் கைவைக்காதீர்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம். சிங்கை வேறு பக்கத்திற்கு மாற்றுவதானால் ஹவுசிங் சொசைட்டியின் எழுத்துப்பூர்வமான அனுமதி அவசியம். கீழ்வீட்டாரின் படுக்கையறைக்கு மேலே உங்கள் சிங்க் வந்துவிட்டால் தீராத சச்சரவு.

கீல், சேனல், சுவர்

மும்பையிலும் புனேயிலும் இழுப்பறைகளோடு கூடிய அமைப்பைக் ‘கிச்சன் டிராலி’ என்பார்கள். கம்பிக் கூடைகளை ‘எஸ்.எஸ்.’ என்று சொல்லி விற்பார்கள். எவர்சில்வரிலும் 304, 202 என்று இரகங்கள் உண்டு. 202-இல் நிக்கல் குறைவு. கடற்காற்றில் சீக்கிரம் துருப் பிடிக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, ஆகையால் நல்ல சரக்கு’ என்று கடைக்காரர் காட்டுவார். ஏமாறாதீர்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. எந்த இரகம் என்று ரசீதில் எழுதி வாங்குவதே வழி.

கீலையும் சேனலையும் பெயர்பெற்ற நிறுவனங்களுடையதாகவே வாங்குங்கள். ஹெட்டிச், ஹஃபேலே, எப்கோ முதலியவை எல்லாப் பெருநகரங்களிலும் கிடைக்கின்றன. நிறுவனத்தின் பெயர் கீலின்மேல் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். மொத்தச் செலவில் கீலின் பங்கு சிறிது. ஆனால் தினமும் இருபது முறை திறந்து மூடும் பாரத்தை அது சுமக்கிறது. 3 அடிக்கு மேல் உயரமான கதவுக்கு 3 கீல்கள் வேண்டும். அரிசி வைக்கும் இழுப்பறைக்குச் சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, அதன்படி தெரிந்துகொள்ளுங்கள்.

மேல்வரிசைப் பெட்டிகளைப்பற்றி ஒரு எச்சரிக்கை. புதிய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் செங்கல்லுக்குப் பதிலாக இலேசான வெள்ளைக் கற்களால் சுவர் எழுப்புகிறார்கள். அவற்றில் சாதாரண பிளாஸ்டிக் முளையை அடித்துப் பெட்டியைத் தொங்கவிட்டால், பாத்திரங்களோடு சேர்ந்து கீழே வரும். அந்தக் கல்லுக்கென்றே தனியான பிடிப்பாணிகள் உண்டு. உங்கள் சுவர் எதனாலானது என்று தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறத்தைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அவரவர் விருப்பம். மேற்பூச்சுக்கு 1 மில்லிமீட்டர் கனமுள்ள மைக்காவே தாளிப்பு தெறிக்கும் நம் சமையலறைக்கு ஏற்றது. அக்ரிலிக் அழகு, ஆனால் கீறல் விழும். மெம்பிரேன் என்று சொல்லும் ஒட்டுத்தாள் கதவுகள் அடுப்பருகே உரிந்துவிடும். மின்னும் கதவை விரும்புகிறவர்கள் ஒவ்வொரு விரல் ரேகையையும் துடைக்க ஆயத்தமாயிருங்கள்.

எரிவாயு விஷயத்தில் விளையாட வேண்டாம்

சிலிண்டரை அலமாரிக்குள் மறைக்கிறீர்களா? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். ஆகையால் அந்தப் பெட்டியின் கதவில் கீழ்ப்பக்கம் காற்றுத் துவாரங்கள் இருந்தே ஆக வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவோ காற்றைவிட இலேசானது, மேலே ஏறும். அதற்கு மேல்பக்கத்தில் துவாரம் வேண்டும். குழாய் எரிவாயுவின் மீட்டரையும் அடைப்பானையும் கை எட்டாதபடி பெட்டிக்குள் அடைக்காதீர்கள். அழகுக்காக அந்தக் குழாயைத் தச்சரோ பிளம்பரோ வளைக்கவோ நகர்த்தவோ இடங்கொடாதீர்கள். எரிவாயு நிறுவனத்திற்கு விண்ணப்பித்தால் அவர்களுடைய ஆட்களே வந்து மாற்றிக்கொடுப்பார்கள். அதற்காக ஒரு வாரம் காத்திருந்தாலும் காத்திருங்கள்.

காகிதத்தில் எழுதி வாங்குங்கள்

விலை பேசும்போது ஒருவர் ‘ரன்னிங் அடி’ கணக்கும், மற்றவர் சதுர அடிக் கணக்கும் சொல்லுவார். இரண்டையும் ஒப்பிட முடியாது. உங்கள் மேடை 10 அடி நீளம், கீழ்க்கதவுகள் இரண்டரை அடி உயரம் என்றால் 25 சதுர அடி. மேல்வரிசை 2 அடி உயரம் என்றால் 20 சதுர அடி. ஆக 45. எல்லாக் கடைகளிலும் இந்த 45 சதுர அடிக்கே விலை கேளுங்கள். கூடைகள், கீல், சேனல், கைப்பிடி, ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி, ஜி.எஸ்.டி. இவை விலைக்குள் அடங்குமா, புறம்பா என்றும் கேளுங்கள். குறைந்த விலை சொன்ன கடையே கடைசியில் அதிக விலையாவது இந்த இடத்தில்தான்.

ரசீதில் ‘வாட்டர்புரூஃப்’ என்று இருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள். பெட்டிப் பலகையின் நிறுவனப் பெயர், ஐ.எஸ். எண், கனம், கதவுப் பலகை எது, பின்பலகை எது, மைக்காவின் எண், கீலின் நிறுவனம், உத்தரவாதம் எத்தனை வருடம், அது எதற்குச் செல்லும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்க வேண்டும். பலகை வந்து இறங்கும் நாளில் வீட்டில் யாராவது இருங்கள். அறுப்பதற்கு முன் முத்திரையைப் புகைப்படம் எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது, எல்லாக் கதவும் சரியாக மூடுகிறது என்று கண்டபின் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஏமாற்றப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்திற்குப் போவதானால் இரண்டு வருடத்திற்குள் போக வேண்டும். எங்கேயும் முதலாவது கேட்கப்போவது அந்த ரசீதைத்தான். எங்களிடம் இல்லாமற்போனது அதுவே.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம். 11 மாத ஒப்பந்தத்தில் பிறர் சுவரில் உங்கள் பணத்தை அறையாதீர்கள். மடித்துக் கொண்டுபோகத்தக்க எவர்சில்வர் தாங்கிகள் போதும்.

சொந்த வீட்டிலும் எல்லாவற்றையும் இடித்துப் புதிதாக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் நாங்கள் இரண்டாம் முறை வேலை செய்தபோது, மேடைக்குக் கீழிருந்த பழைய கடப்பைக் கல் தட்டுகளை உடைக்கவில்லை. அவற்றைத் தேய்த்துக் கழுவி, முன்னால் சட்டம் வைத்துக் கதவுகளை மாத்திரம் பொருத்தினோம். கல் ஊதாது, கரையான் அரிக்காது, கிரைண்டரையும் வீட்டு ஜெபக்கூட்டத்திற்குத் தேநீர் போடும் பெரிய பாத்திரத்தையும் சுமந்தாலும் வளையாது. அரிசிக்கும் பருப்புக்கும் இரண்டே இரண்டு இழுப்பறைப் பெட்டிகள், ஐ.எஸ். 710 பலகையில். சிங்குக்குக் கீழே பெட்டியே இல்லை. அலுமினியச் சட்டத்தில் ஒரு கதவு, உள்ளே வெறும் தரை. முதல் முறை கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. அந்த மூலையைச் சனிக்கிழமைதோறும் திறந்து குழாயைத் தடவிப் பார்க்கிறேன். மீந்த மைக்காத் துண்டும், உபரியாக வாங்கிய இரண்டு கீல்களும், நாலு பக்க ரசீதும் பரணில் ஒரே பையில் இருக்கின்றன.